சிப்பியைச் சிரிக்க வைத்த ரோச்

தலைமை தாங்கும் எங்கள் பேராசிரியர் எபனேசர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மகனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆக்னஸ் அம்மையாரே, ரோச் சிரிக்க வைத்த தூத்துக்குடிப் பெருமக்களே! வணக்கம்.

சித்திரச் செல்வர் ரோச் பர்னாந்து அவர்கள் சென்னையில் விஷக்காய்ச்சல் கண்டு மறைந்தார். வயது இருபத்து மூன்று. கூடப் படித்தவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவன் என்றே சொல்கிறேன், பொறுத்தருளுங்கள்.

அவனை எல்லோரும் புகழ்ந்தீர்கள். நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். இன்றும் படுகிறேன்!

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்களுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். மாணவர்கள் தாங்களே ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்றார் பேராசிரியர். நாங்கள் இருவரும் பொம்மைப் படம் எடுக்கத் துணிந்தோம். ஒவ்வொரு தாளிலும் சிறிது மாற்றி மாற்றி வரைந்து, ஒவ்வொன்றாகக் காமிராவில் பிடித்து ஓட்டினால் பொம்மை அசையும். காமிரா பேராசிரியருடையது. பிலிம் கிடைப்பதே அரிதான காலம்; கையில் இருந்தது ஒரே ஒரு சுருள்.

கதை ரோச்சுடையது. கப்பலில் வந்து இறங்கிய சிப்பியைச் சுங்க அதிகாரி வாயைத் திறக்கச் சொல்கிறார். அது திறக்கவில்லை. மிரட்டுகிறார், கெஞ்சுகிறார், கிச்சுக்கிச்சு மூட்டுகிறார். அலுத்துப்போய் அவரே கொட்டாவி விட, பல்செட் கழன்று விழுகிறது. சிப்பி அதை லபக்கென்று கவ்விக்கொண்டு, அவர் பல்லாலேயே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது!

கப்பல் என் பொறுப்பு. துறைமுகத்தில் வெயிலில் நின்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். கொடிமரம், நங்கூரச் சங்கிலி, ஒன்று விடவில்லை. ரோச் எட்டிப் பார்த்தான்.

"ஏலே பொன்னுதுரை, சங்கிலியில ஒவ்வொரு வளையமா வரைஞ்சிருக்கியே! வாரவுக எண்ணிப் பாக்கவா வாராக? சிரிக்கத்தானலே வாராக!"

அவன் சிப்பிக்கு இரண்டு கோடு போட்டான். இரண்டே கோடு! அது உயிரோடு இருந்தது. என் கப்பல் கப்பலாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு வயிறு எரியாதா?

பிலிம் போதாது, கப்பலை எடுத்துவிடலாம் என்றார் பேராசிரியர். அப்போது எனக்காக மல்லுக்கு நின்றவன் யார்? ரோச்! "கப்பல் இல்லன்னா சிப்பி எங்கனருந்து வரும் சார்? நான் சிப்பியக் குறைச்சுக்கிடுதேன்" என்றான். அந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே வாய்த்ததே! அதற்காகவாவது அவனை வெறுக்க முடிந்ததா என்னால்?

படம் காட்டிய அன்று உடன்குடியிலிருந்து என் தாயார் சந்தனமாரியை அழைத்து வந்திருந்தேன், என் கப்பலைக் காட்டுவதற்கு. கப்பல் வந்தது, பார்த்தாள். சிப்பி பல்லைக் காட்டியது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்து, "ஏய்யா, அந்தச் சிப்பிய எழுதுன புள்ள யாரு?" என்று கேட்டாள்.

சபையோரே, என் தாயைச் சிரிக்க வைக்க அவன் யார்? நான் அல்லவா அவள் பிள்ளை!

அவனைச் சென்னைப் பட முதலாளிகள் அழைத்தார்கள். நான் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனேன். போன வாரம் அவன் பெட்டி ஊர் வந்து சேர்ந்தது. ஆக்னஸ் அம்மையார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெட்டிக்குள் ஒரு கட்டுச் சித்திரம். ஒரு நண்டு பனை ஏறுகிறது. பாதி மரத்தில் நின்று, கீழே குனிந்து பார்த்து மலைக்கிறது. அதற்கு மேல் எல்லாம் வெற்றுத் தாள்.

பனை என் ஊர்ச் சொத்து! அதையும் அவன்தானா வரைய வேண்டும்? அத்தனை துயரத்திலும் அந்த நண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அம்மையாரும் சிரித்தார்கள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"ஏய்யா, இத நீதான் முடிக்கணும்."

முடிப்பேன். உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன், அந்த நண்டை நான் உச்சிவரை ஏற்றுவேன். இதே ஊரில் திரை கட்டிக் காட்டுவேன். ரோச் பர்னாந்துவின் படம் என்றே எழுதுவேன். என் பெயர் வேண்டாம்.

நீங்கள் மட்டும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். பாதி மரம்வரை அவனுக்காகச் சிரியுங்கள். அதற்கு மேலும் சிரிப்பு வந்தால், அடக்காதீர்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.