திரைச்சீலைக் கோப்பு

உங்கள் வரவேற்பறையில் போட்டிருப்பவை நல்ல நாற்காலிகள், மேடம். காலுக்கு ரப்பர் குமிழ் வைத்ததாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறவர்கள் இப்போது குறைவு. என் தொழில் அப்படி. எங்கே உட்கார்ந்தாலும் ஒருமுறை குனிந்து அடியில் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

நேற்று என் பெயரில் தனியாக ஒரு ஆலோசனைப் படிவம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "தம்பி கேஸுக்குத்தானே வந்தீங்க, உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பினேன். காரணம் இதுதான்: கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது. நேற்றிலிருந்து நானும் உங்கள் கட்சிக்காரன். முதலில் படிவம், பிறகு பேச்சு. அந்த வரிசையை நான் எப்போதும் மாற்றுவதில்லை.

அரசுக் கொள்முதல் துறையில் நான் வணிக உத்தி நிபுணர். சொன்னால் வாய் நிறையும். மற்றபடி எனக்கு மேலே கையெழுத்துப் போடுகிறவர்கள், கீழே கோப்பு கட்டுகிறவர்கள், நடுவில் கொஞ்சம் மேலே தள்ளி நான். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் என் மனைவி, "அவர் எதையும் வாங்க மாட்டார். எப்படி வாங்கணும்னு மத்தவங்களுக்குச் சொல்லுவார். வீட்டுக் காய்கறியும் அப்படித்தான்" என்பாள். தப்பில்லை. ஒரு டெண்டரில் எதைக் கட்டாயம் என்று கேட்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பது என்று எழுதுகிறவன் நான். யார் ஜெயிப்பார்கள் என்று நான் தீர்மானிப்பதில்லை. எப்படிப்பட்டவர் ஜெயிக்கலாம் என்பதை மட்டும் தீர்மானிப்பேன்.

கை சுத்தம். பதினெட்டு வருடத்தில் எந்த நிறுவனத்தாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. இன்னொன்று, நான் எழுதிய டெண்டர் ஒன்றுகூட ரத்தானதில்லை. பக்கத்து அறைக்காரருக்கு நான்கு ரத்தாயின. அவரை இப்போது எழுதுபொருள் கிடங்கில் பென்சில் எண்ண வைத்திருக்கிறார்கள். காரிடாரில் அவர் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன்.

பெரிய மருத்துவமனைக்கு நாற்பது சுவாசக் கருவிகள் வாங்க வேண்டியிருந்தது. அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் என் தம்பி. கூடப் பிறந்தவன், ஒன்பது வயது இளையவன். அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்து, வேலைக்கு மனு எழுதிக்கொடுத்து, கல்யாணமும் செய்துவைத்தது நான்தான். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை கருவிக்குள் இருக்கும் பேட்டரிதான் நோயாளிக்கு மூச்சு. அது அரைமணி நேரம் தாங்க வேண்டும், தாங்கும் என்று வெளி ஆய்வகம் ஒன்று சோதித்துச் சான்று தர வேண்டும். மருத்துவமனை அனுப்பிய தேவைப் பட்டியலில் இந்த வரியை எழுதியவன் அவன். நானும் அதைக் கட்டாயத் தகுதிகளில்தான் முதலில் வைத்தேன்.

டெண்டர் அறிவிக்கும் முன்பே நான்கு நிறுவனங்கள் போட்டிக்கு வரும் என்று தெரிந்தது. விசாரித்ததில் அந்தச் சான்று ஒருவரிடம்தான் இருந்தது. எங்கள் விதிப்படி மூன்று பேராவது தகுதி பெறாவிட்டால் டெண்டர் ரத்து. மறுபடி முதலிலிருந்து தொடங்க எட்டு மாதம். எட்டு மாதம் கருவியே இல்லாமல் எத்தனை பேர் செத்திருப்பார்கள், யோசியுங்கள். அதற்கு யாரும் விசாரணைக் குழு வைக்க மாட்டார்கள். அதனால் அந்த வரியைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்து மதிப்பெண் பட்டியலில் வைத்தேன். சான்று இருந்தால் நூற்றுக்கு இரண்டு மதிப்பெண், இல்லாவிட்டால் பாதகமில்லை. வரியை நான் நீக்கவில்லை, இடம் மாற்றினேன். அந்த இரண்டில் பூஜ்யம் வாங்கியவர் குறைந்த விலை சொல்லி ஜெயித்தார். டெண்டர் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. இயக்குநர் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கருவிகள் வந்து இறங்கின. சோதித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது என்று பெறுகைச் சீட்டில் தம்பி கையெழுத்துப் போட வேண்டும். அவன் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சீட்டையும் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"நாலு நிமிஷம்தாண்ணா தாங்குது. நான் எப்படி கையெழுத்து போடறது?"

"எத்தனை கருவில பார்த்த?"

"பன்னெண்டு. பன்னெண்டும் அப்படித்தான் இருக்கு."

"முதல்ல வாங்கி வெச்சுக்கலாம்டா. பேட்டரிய அப்புறம் அவங்களையே மாத்தித் தரச் சொல்லலாம். நீ கையெழுத்து போட்டு, இந்த லெட்டரையும் கூட இணைச்சிடு. உன்மேல ஒண்ணும் வராது."

கடிதத்தை எடுத்துச் சீட்டின் பின்னால் வைத்தான். "நீ சொன்னா சரிண்ணா" என்றான். எங்கள் சாப்பாட்டு மேசையில், என் பேனாவால் கையெழுத்துப் போட்டான். "எப்படியும் உங்க ஆபீசுக்குத்தான் போகணும், நீயே குடுத்துடு" என்று இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டு, என் மனைவி வற்புறுத்தியதால் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்தக் கடிதம் சீட்டோடு கோப்பில் ஏறினால் கருவிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த இடத்தில் இருந்தவரிடமும் சான்று கிடையாது. கடைசியில் டெண்டரே ரத்தாகும். மறுநாள் காலை அலுவலகத்தில் சீட்டை மட்டும் கருவிக் கோப்பில் சேர்த்தேன். அலுவலகத்துக்கு வந்த தாளைக் கிழிப்பது குற்றம். நான் கிழிக்கவில்லை. கடிதத்துக்குத் தேதி முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, எங்கள் கட்டிடத்துக்குத் திரைச்சீலை வாங்கிய கோப்பில் நடுவில் வைத்துக் கட்டினேன். அது வேலை முடிந்த கோப்பு. யாரும் திறக்கப் போவதில்லை. பேட்டரியை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதினால் ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். காரணம் திரைச்சீலைக்குள் இருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போயிற்று.

ஐந்து மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டே கால் மணிக்கு மருத்துவமனையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பைகள் அந்த வார்டில் மூன்றுதான் இருந்தன. தம்பி மாடியேறி ஓடிப்போய் ஒன்றை எடுத்து அழுத்தத் தொடங்கியிருக்கிறான். அழுத்துவதை விட முடியாமல், மற்ற படுக்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். அவன் அழுத்தியவர் பிழைத்துக்கொண்டார். ஒன்பது பேர் பிழைக்கவில்லை.

விசாரணைக் குழு என்னை ஆவணங்களை விளக்கக் கூப்பிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கருவிகளைச் சோதித்து ஏற்றுக்கொண்டவர் யார், சீட்டில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று கேட்டார்கள். என் தம்பியுடையது என்றேன். உறவை நான் ஒளிக்கவில்லை. கடைசியில் குழுவில் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, இப்படி நேர்மையானவர்கள் அபூர்வம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோர்ட்டில் தம்பி கடிதம் எழுதியதைச் சொன்னான். யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் தலையைத் தூக்கவில்லை. "ஞாபகமில்லைங்க" என்றான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மறதி உண்டு. ஏழு வருடம் போட்டார்கள்.

அவன் மனைவி வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வந்து உட்கார்ந்து, "அந்த லெட்டர் மட்டும் கிடைச்சா போதும் மாமா" என்பாள். "தேடிக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்பேன். அவளுக்கு ஒரு நம்பிக்கை வேண்டுமல்லவா. வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நான்தான் கட்டுகிறேன். போன வாரம் சிறையில் தம்பியைப் பார்த்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "இளைச்சுட்டியேண்ணா. வேளாவேளைக்குச் சாப்பிடு. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

மேல்முறையீட்டுக்கு மூன்று வக்கீல்களை விசாரித்து உங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு தாள் விடாமல் படிப்பவர் என்றார்கள். நேற்று அதை நானே பார்த்தேன். "அந்த வருஷம் உங்க துறை வாங்கின எல்லாத்தோட கோப்பையும் கேட்டு மனு போடப்போறேன். குண்டூசி வாங்கினது உட்பட. லெட்டர் தப்பான கோப்புல எங்கயாவது சிக்கியிருக்கும்" என்றீர்கள். எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்குப் பயம்தான், மேடம்.

அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவக் கருவிக் கோப்புகளை மட்டும் கேளுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள். தண்டனையைக் குறைக்கச் சொல்லி வாதாடுங்கள், நன்னடத்தையைக் காட்டுங்கள், பெரிய வக்கீல் யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆனாலும் கொடுக்கிறேன். என்ன மேடம், பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்? அந்தக் கடிதம் வெளியே வந்தால் தம்பி வெளியே வருவான், தெரியாமலா சொல்கிறேன். ஆனால் நான் உள்ளே போய்விடுவேனே. வந்து யாரை நம்பி நிற்பான்? என்னை விட்டால் அவனுக்கு யாருமே இல்லை.