என் தொண்டை அடங்கிய நான்கு நிமிடங்கள்

ஸ்கேன் நிலையத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, இன்னமும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அறுவை சிகிச்சை நிபுணர் அவர்களே! ஆன்றோர்களே! பெற்ற பிள்ளைகளையும் பொறுத்து, என் பேச்சையும் பொறுக்க வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வீற்றிருக்கும் என் இல்லத்தரசி அவர்களே! கத்திக்குத் தப்பிய கழுத்தை வளைத்து உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்!

என்ன, கைதட்டல் கம்மியாக இருக்கிறதே? சாப்பாடு பலமோ? இருக்கட்டும்.

நாற்பது ஆண்டுகள் மேடையில் முழங்கிய இந்தக் குரல் ஒருநாள் கம்மியது. கழுத்தைப் படம் பிடித்தார்கள். படத்தில் வந்தது என்ன? குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு நிழல்! மறுபடி எடுத்தார்கள், மறுபடி நிழல்! மூன்றாம் முறையும் கலங்கலான படம், கலையாத நிழல்! நிபுணர் சொன்னார்: “இன்னொரு படம் எடுப்போம். அதுலயும் இப்படியே இருந்தா திங்கக்கிழமை திறந்துதான் பாக்கணும். குரலுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.” பயந்தேன் அவையோரே, நடுநடுங்கிப் போனேன்! குரல் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று என் மனைவியைக் கேட்டேன். அவரும் நெடுநேரம் யோசித்துப் பார்த்தார்.

நான்காம் முறை படுக்கவைக்கும் முன், எந்திரத்தை இயக்கும் அம்மையார், அதோ, கதவோரம் ஒளிகிறாரே, அவர்தான் கேட்டார்: “அய்யா, போன மூணு தடவையும் உள்ள அசையாம இருந்தீங்களா?”

“கல்லு மாதிரி படுத்திருந்தேன்மா.”

“எச்சில் முழுங்கினீங்களா?”

“முழுங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. சொன்னதும் வாயெல்லாம் ஊறிடுச்சு.”

“வேற என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமில்ல. குரல் வந்ததும் பேசப்போற நன்றியுரையை மனசுக்குள்ள சும்மா ஒருதரம் பேசிப் பாத்தேன்.”

அம்மையார் தலையில் கைவைத்துக்கொண்டார். “வாய் மூடியிருந்தாலும் உங்க தொண்டை பேசிட்டேதான் இருந்திருக்கு! அது மேலயும் கீழயும் ஆடினா, மெஷின் ஒரு தொண்டையைப் பத்து தொண்டையா வரையும். அப்புறம் எது கட்டி, எது உங்க நன்றியுரைன்னு எப்படித் தெரியும்?”

சிரிக்காதீர்கள்! மனதுக்குள் பேசிய பாவத்துக்குக் கழுத்தை நீட்டியவன் இந்த உலகத்தில் வேறு எவன்?

அம்மையார் என்னை அதட்டினாரா? இல்லை. அடக்கினாரா? இல்லை. கழுத்துக்கு இருபுறமும் பஞ்சுத் திண்டு வைத்தார், காதில் ஹெட்போனை மாட்டினார். “இப்ப நான்தான் மேடை, நீங்க பார்வையாளர். படத்தைச் சின்னச் சின்னத் துண்டா எடுக்கறேன். ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம். நடுவுல நான் சொல்லும்போது மட்டும் முழுங்கிக்கோங்க.” என்ன பேசினார் தெரியுமா? அவர் வீட்டு வாஷிங் மெஷின் கதை! சுழலத் தொடங்கினால் அது நடக்குமாம். குளியலறையை விட்டு நடந்தது! சமையலறையைக் கடந்தது! மாமனார் நாற்காலியை இடித்துத் தள்ளியது! வாசல் கதவை நெருங்கியது… “இப்ப முழுங்கிக்கோங்க” என்றார்.

நாற்பது ஆண்டுகளில் அன்றுதான் அடுத்தவர் பேச்சை முழுதாகக் கேட்டேன். நான்கு நிமிடம்! நாக்கு அசையவில்லை, நினைப்பு அசையவில்லை, தொண்டை துளியும் அசையவில்லை!

படம் கண்ணாடி போல வந்தது. கட்டியும் இல்லை, நிழலும் இல்லை. அத்தனையும் என் தொண்டை ஆடிய ஆட்டம். “மேடையில கத்திக் கத்திக் கம்மின குரல்தான். வீட்டுக்குப் போங்க, ரெண்டு மாசம் கத்தாம இருங்க” என்றார் நிபுணர். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். “இனிமே அசைஞ்சா பரவால்லய்யா” என்றார் அம்மையார்.

முழங்கியா பிழைத்தேன்? முழக்கத்தை விட்டுப் பிழைத்தேன்! பேசியா மீண்டேன்? கேட்டு மீண்டேன்! ஆனால் அவையோரே, படம் முடிந்ததும் அவர் கதையையும் நிறுத்திவிட்டார். அந்த வாஷிங் மெஷின் வாசலைத் தாண்டியதா, இல்லையா? இரண்டு மாதமாக எனக்குத் தூக்கமில்லை.

எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மீதி முழுவதும் அம்மையாருக்கு! வாருங்கள் அம்மா, மைக்கைப் பிடியுங்கள். என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது, நான் இறங்கி உட்காருகிறேன். கேட்ட உங்களுக்கு நன்றி, கேட்கவைத்த அவருக்கு வணக்கம். அம்மா, நீங்கள் சொல்லும்வரை எச்சில்கூட விழுங்க மாட்டேன்!