பத்து எண்ணும் வரை

“டீ ஆறுது, குடிங்க” என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறீர்கள். குடிக்கிறேன் சார். என் வாக்குமூலத்தை எழுதும்போது நீங்கள் தலையை இடப்பக்கம் சாய்க்கிறீர்கள். சாயங்காலமானால் தோள் வலிக்குமே? பதினெட்டு வருடமாக ஆஸ்டியோபதி கற்றுத்தருகிறேன். எலும்பையும் மூட்டையும் கையால் தொட்டே சரிசெய்யும் வைத்தியம். யாரைப் பார்த்தாலும் கண் கழுத்துக்குப் போய்விடுகிறது.

கழுத்துக்குச் சொடக்கு எடுக்கும் முன், தலையை மெல்லத் திருப்பிப் பிடித்துப் பத்து எண்ண வேண்டும். படுத்திருப்பவருக்குத் தலை சுற்றினாலோ கருவிழி ஆடினாலோ கையை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ரத்தக்குழாய் கிழியலாம். மாணவர்கள் இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். ஆனால் விரல்கள் பயப்பட வேண்டுமே. வகுப்பில் படுப்பதெல்லாம் இளம் கழுத்துகள், எப்படித் திருப்பினாலும் தாங்கும்.

தேர்வு நெருங்கிய மாதம்தான் என் தங்கைக்கு, வலப்பக்கம் திரும்பினால் தலை சுற்ற ஆரம்பித்தது. டாக்டரிடம் போகலாம் என்றாள். தேர்வு முடியட்டும், அதற்கு நீதான் வந்து படுக்க வேண்டும் என்றேன்.

“உன் பிள்ளைங்க பாஸாக என் கழுத்துதானா கிடைச்சுது, அண்ணா?” என்று சிரித்தாள்.

“சுத்துதுன்னு வாய் தெறக்காத. அவங்களே கண்டுபிடிக்கணும்.”

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் தட்ட மாட்டாள்.

ஆறு பேர் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருவரும் கையை எடுத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவதாக வந்த பெண்தான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. பதற்றத்தில் நான்குதான் எண்ணினாள். தங்கையின் கருவிழி ஆடியதை நான் பார்த்தேன். இரண்டடி தூரம். கையை நீட்டியிருக்கலாம். தேர்வு நடக்கும்போது ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்பது நானே எழுதிய விதி.

தங்கை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், அவள் சொல்லவில்லை. அந்தப் பெண் சொடக்கு எடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

ஆகவே கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறாள், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இனி அவள் பத்துக்குக் குறைத்து எண்ணவே மாட்டாள். மறுதேர்வு வைத்தால் கட்டாயம் தேறுவாள். மேசையில் படுக்கத்தான் இப்போது ஆளில்லை.

வலப்பக்கம் திரும்பினால் உங்களுக்குத் தலை சுற்றுமா சார்? ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போக முடியுமா?