அந்த விரிசல்களை ஒட்டாதீர்கள்

மேடையில் வீற்றிருக்கும் கலைக்கூடத் தலைவர் அவர்களே, நம்மைவிட்டு மறைந்த கண்ணாடிச் சிற்பி சூளை அக்காவின் கணவரே, அக்காவை நம்பித் தங்கள் வீட்டுக் கண்ணாடியைக் கொடுத்த பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்!

நான் கண்ணாடி வியாபாரி. சரக்கை ஒருவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தலைவர் சற்றுமுன் அக்காவை வெகுநேரம் புகழ்ந்தார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அக்காவின் கண்ணாடிச் சுவரை அறியாதவர் இங்கே உண்டா? ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த மருந்துப் புட்டி, ஜன்னல் துண்டு, விளக்குச் சிமினி அத்தனையையும் சூளையில் இளக்கி, ஒன்றோடொன்று சேர்த்துச் செய்தது அது. வெவ்வேறு ஆலைக் கண்ணாடிகள் ஆறும்போது ஒரே மாதிரி சுருங்காது. சேர்ந்த இடத்தில் விரிசல் விடும். நான் போய் நின்றேன். ஊருக்கு அக்கா, எனக்குத் தங்கச்சி.

“தங்கச்சி, ஒரே ஆலைச் சரக்கா தர்றேன். ஒரு கீறல் விழாது.”

“நாங்க எல்லாரும் ஒரே ஆலையில செஞ்சா வந்தோம், அண்ணே? உங்க சரக்கை வேற யார் தலையிலயாவது கட்டுங்க.”

வியாபாரம் அன்றோடு போயிற்று! ஆள் மனதில் நின்றுவிட்டார்.

இதோ முன்வரிசையில் இருக்கும் தையற்கார அம்மா, தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தவர். அந்தச் சில்லைச் சுற்றி வட்டமாக விரிசல். பார்த்துவிட்டு அழுவார் என்று பயந்தோம். சிரித்துவிட்டார்! “எங்கப்பாவேதான்! உயிரோட இருந்தப்பவும் யார்கூடவும் ஒட்டினதில்லை” என்றார். அந்த அப்பாவை இனி வேறெங்கே போய்ப் பார்ப்பார்?

தலைவர் தம் உரையில், “குறைகள் நீங்கிப் புதுப்பொலிவோடு சுவர் நம் கூடத்தில் நிற்கும்” என்றார். எது ஐயா குறை? இன்று காலை, சுவர் இருக்கும் அக்காவின் பட்டறை வாசலில் உங்கள் ஆட்கள் இறக்கிய டப்பாக்களைப் பார்த்தேன். என்னவென்று அக்காவின் கணவர், என் மாப்பிள்ளை, கேட்டார். “சும்மா துடைக்கிறதுக்கு சார்” என்றார்கள். மூடியைத் திறந்தேன். பசை! துடைக்கப் பசை எதற்கு? அதைக் கணவரிடம் மறைப்பது எதற்கு?

உங்களுக்கு நல்லெண்ணமே இருக்கலாம். விரிசலை அடைத்தால் சுவர் பளபளக்கும். பார்க்க வருகிறவர்கள் மகிழ்வார்கள். ஆனால் ஊர்விட்டு வந்தவர்கள் வலியில்லாமல் கலந்துவிட்டார்கள் என்று அது பொய் சொல்லும். அந்தப் பொய்யின் கீழே அக்காவின் பெயர் இருக்கும். விடலாமா?

விட மாட்டோம்! பட்டறைச் சாவி மாப்பிள்ளையிடம் இருக்கிறது. கண்ணாடி கொடுத்த ஒவ்வொருவரும் பார்த்துச் சரி என்று சொல்லாமல் சுவர் வெளியே போகாது. அக்காவிடம் பயின்ற பெண்கள் சூளையை மீண்டும் மூட்டுவார்கள். இனி வருகிறவர்களின் கண்ணாடிக்கும் அதில் இடம் உண்டு. இது எங்கள் உறுதி.

தலைவர் அவர்களே, மைக்கை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். ‘ஒட்ட மாட்டோம்’ என்று இத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதன் பிறகு எல்லாரும் எழுந்து நின்று அக்காவுக்கு அஞ்சலி செலுத்துவோம்.