இந்த்ரிதியைக் கேலி செய்ய அனுமதி

— அப்ப, செத்துட்டார்ங்கிற ஒரே குத்தத்துக்காக என் புருஷன் இந்த்ரிதியை இந்த வருஷம் டிவியில கேலி பண்ணாம விட்டுடப் போறீங்க. அதானே ஆர்மான்?

— குத்தம்னு சொல்லாதீங்க ஹால்பேரா. அது எங்க நிகழ்ச்சியோட வழக்கம். வருஷக் கடைசி ராத்திரி யாரை வேணும்னாலும் கேலி பண்ணுவோம். பிரதமர், பிஷப், மீன் கம்பெனி முதலாளி, யாரா இருந்தாலும் சரி. அந்த வருஷம் செத்தவங்களை மட்டும் தொடறதில்ல.

— இருபது வருஷம் அவர் மாதிரி வேஷம் கட்டினே. அவர் மாதிரி நடந்தே, அவர் மாதிரி உளறினே. அப்பல்லாம் வராத மரியாதை அவர் குழிக்குள்ள போனதும் எங்கேர்ந்து வந்துச்சு? க்ளைனா பலகாரம் எடுத்துக்கோ. நேத்துதான் சுட்டேன்.

— நல்லா இருக்கு.

— நல்லா இல்ல. ஏலக்காய் போட மறந்துட்டேன். நடிகன்தானே நீ, இன்னும் கொஞ்சம் நல்லா நடி.

— ஹால்பேரா, நான் ஏதோ ஜம்பத்துக்கு மாட்டேன்னு சொல்லல.

— மொத வருஷம் உன்னை டிவியில பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல அவர். ‘என் மூக்கு அப்படியா இருக்கு’ன்னு என்னை எழுப்பி எழுப்பிக் கேட்டார். மறுநாள் வெந்நீர்க் குளத்துக்குப் போனாராம். தண்ணியில கிடந்த வாண்டுங்க எல்லாம் இவரைப் பாத்து ஒரே மாதிரி இருமிச்சாம், நீ இருமிக் காட்டினியே, அப்படி. வீட்டுக்குத் திரும்பி வந்தார் பாரு, எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பூரிச்ச முகத்தை நான் பாத்ததில்ல.

— ஒண்ணு சொல்லட்டுமா? அந்த இருமல் நான் இட்டுக்கட்டினது. பேசறதுக்கு முன்னாடி அவர் இருமினதே கிடையாது.

— தெரியும். ஜனவரியிலேர்ந்துதான் இரும ஆரம்பிச்சார். குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினார். நான் நெஞ்சுல கோளாறுன்னு பயந்து டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்.

— அப்ப நான் அவரைக் காப்பியடிக்கல.

— அவர்தான் உன்னைக் காப்பியடிச்சார். அதுக்கு முன்னாடி ரெய்க்யாவிக்ல இருக்கற மந்திரிங்க எல்லாரையும் போல அவரும் ஒரு சாம்பல் கலர் கோட்டு, அவ்வளவுதான். கோட்டு மாட்டற ஆணியில இவரைத் தொங்கவிட்டாக்கூட யாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்காது.

— இல்ல ஹால்பேரா. அவரைத் தூக்கிவிட்டது நான் இல்ல, அந்தப் பாலம்.

— சொல்லு, அதை உன் வாயால கேக்கணும் போல இருக்கு.

— சாலை மந்திரியா தெற்கே பனியாத்து மேல பாலம் கட்டினார். ரிப்பன் வெட்டின மறுவாரமே ஆறு பக்கத்து மணல்ல புதுசா வழி பண்ணிக்கிட்டுப் போயிடுச்சு. பாலத்துக்குக் கீழ ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நிருபருங்க மைக்கை நீட்டினாங்க. அவர் சொன்னார்: ‘பாலம் சொன்ன இடத்துலதான் நிக்குது. ஆறுதான் மந்திரி பேச்சைக் கேக்கல.’

— என்ன இது? நீ இதைச் சொன்னா எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருமே.

— இன்னிக்குத் தொண்டை சரியில்ல.

— அந்த மனுஷன்தான் கிழக்குச் சாலை வெள்ளத்துல அறுந்தப்போ, முட்டியளவு பனித்தண்ணியில நின்னு ஆளோட ஆளா பலகை தூக்கினவர். அவசரத்துக்குப் போட்ட அந்தப் பாலத்துலதான், அக்கரையில மாட்டிக்கிட்ட பொண்ணு ஒருத்தி இக்கரைக்கு வந்து பிள்ளை பெத்தா. அது இன்னிக்கும் ஊருக்கு ஞாபகம் இருக்குன்னா எதனால? பேப்பர்ல வந்ததாலயா? நீ அந்த வருஷம் அவருக்கு அக்குள் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டி ஆடவிட்டியே, அதனால.

— அடுத்த வருஷம் அவரை விட்டுட்டோம். எரிமலை வெடிச்ச வருஷம். எரிமலைக்கே நேரம் பத்தல.

— அதைக் கேளு. ஜனவரி பூரா மனுஷன் சரியாச் சாப்பிடல. ‘என் அரசியல் முடிஞ்சுபோச்சு ஹால்பேரா’ன்னார். எரிமலை மேல அப்படி ஒரு பொறாமை.

— ஹால்பேரா, கேளுங்க. நானே இயக்குனர்கிட்டப் போய்க் கேட்டுட்டேன். நெருங்கின சொந்தம் எல்லாரும் சம்மதிச்சா இந்த ஒரு தடவை வழக்கத்தை மீறலாம்னுட்டார். ஒருத்தர் மாட்டேன்னாலும் கிடையாதாம்.

— பிள்ளைகுட்டி இல்லாத வீடு இது. நானும் அவர் தம்பியும்தான். நான் சம்மதிச்சாச்சு.

— தம்பி?

— வரச் சொல்லியிருக்கேன். இந்நேரம் வாசல்ல நின்னு, பேசப்போறதை ஒத்திகை பாத்துட்டு இருப்பான். அவன் வர்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லிடறேன் ஆர்மான். முப்பத்தொண்ணாம் தேதி தெருக்கோடியில தீ மூட்டுவாங்க, ஊரே கூடி நின்னு பாட்டுப் பாடும், அப்புறம் எல்லாரும் வீட்டுக்குள்ள போய் டிவி முன்னாடி உக்காந்துடுவாங்க. நாய்கூடத் தெருவுல இருக்காது. நானும் இங்க உக்காருவேன். பக்கத்து நாற்காலி காலி. எதிர்லயாவது அவர் வரணும். எனக்குப் புகழ்ச்சி வேணாம், பூ வேணாம். அந்தக் குரலை ஒரு தடவை கேக்கணும்.

— அண்ணி, உள்ளே வரலாமா?

— வா டோர்ஃபி, கதவு திறந்துதான் இருக்கு. ஷூவைக் கழட்டிட்டு வா.

— நான் நேராகச் சபையிலிருந்து வருகிறேன்.

— சபாநாயகர் ஷூவுலயும் சேறுதான் ஒட்டும். கழட்டு. இவன் யாருன்னு தெரியும்ல?

— தெரியாமல் என்ன. என் அண்ணனின் மூக்கை நாட்டுக்கே காட்டியவர். வணக்கம், நண்பரே.

— வணக்கம் டோர்ஃபி.

— நான் சுற்றி வளைத்துப் பேச விரும்பவில்லை. ஒரு தேசம் தன் மாமனிதனை இழந்து நிற்கும்போது, அது சிரிப்பதா, சிந்திப்பதா என்பதுதான் இன்று நம் முன் உள்ள வரலாற்றுக் கேள்வி.

— கேள்வியை உக்காந்து கேளு. காபி ஆறிடும்.

— இல்லை அண்ணி, நிற்கிறேன். தொலைக்காட்சியாருக்கு நான் ஒரு மாற்று யோசனை வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம். கடலோரப் பாறை மேல் நான் நிற்கிறேன். பின்னால் செல்லோ இசை. நான் சொல்கிறேன்: ‘ஒரு மலை சரிந்தது.’

— மலையா? ஜன்னல் திரை மாட்ட ஏணியில ரெண்டாவது படி ஏறினாலே என் கையைப் பிடிச்சுக்குவார்.

— அது உவமை, அண்ணி.

— பேப்பர்ல நீ எழுதின இரங்கல் கட்டுரையும் படிச்சேன். செத்தது உங்க அண்ணன்தான்னு புரியறதுக்கு மூணாவது பத்தி வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. அதுவரைக்கும் செத்தது நீதான்னு நெனச்சு எனக்கே கொஞ்சம் துக்கமா இருந்துச்சு.

— பின்னணி விளக்கம் தேவைப்பட்டது.

— நீ கட்சித் தலைவரானது, நீ சபாநாயகரானது, நீ நார்வே ராஜாவோட கை குலுக்கினது. இதெல்லாம் அவருக்குப் பின்னணியா? அவர் பாவம், அந்தக் கூட்டத்துல எங்கயோ ஓரத்துல நின்னுட்டு இருந்தார்.

— அண்ணி, நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவனைக் கோமாளியாக இந்த நாடு நினைவு வைத்துக்கொள்வதை நான் அனுமதிக்க மாட்டேன். சாலைச் சட்டம் கொண்டுவந்தவன் அவன். நாற்பது சுரங்கப்பாதைக்குத் திட்டம் போட்டவன்.

— தோண்டினது மூணு.

— மூன்றும் இன்றுவரை ஒழுகவில்லை.

— அது நெசம். அதுல எனக்கும் பெருமைதான். ஆனா டோர்ஃபி, அடக்கத்தன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீ கவனிச்சியா? பாதிரியார் பிரசங்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணினார்?

— இருமினார்.

— எப்படி இருமினார்?

— அவனைப் போல.

— பாவம், அவருக்கே தெரியாம வந்துடுச்சு. சர்ச்சே குலுங்கிச்சு. எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் மூச்சு விட முடிஞ்சுது. அப்புறம் ஒருநாள் ரொட்டிக் கடைப் பொண்ணு சில்லறை குடுக்கறப்ப அவர் குரல்ல நன்றி சொல்லிட்டு, செவந்துபோய் நின்னா. நான் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். எந்த மலைக்குடா இதெல்லாம் கிடைக்கும்? மலைக்குப் பக்கத்துல நின்னு ஜனங்க போட்டோதான் எடுத்துக்கும்.

— இது குடும்ப மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

— குடும்ப மானம் இல்ல கொழுந்தனாரே. உன்னை இந்தப் பசங்க ஒரு தடவைகூட வேஷம் போடல. அதானே உள்ளுக்குள்ள அரிக்குது?

— அபத்தம். நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. முப்பது வருடப் பொதுவாழ்வில் ஒரே ஒரு முறைகூட இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை.

— டோர்ஃபி, உண்மையைச் சொல்லணும்னா உங்களுக்காக ரெண்டு தடவை எழுதிப் பாத்தோம்.

— அப்படியா? எப்போது?

— நீங்க சபாநாயகரானப்போ ஒண்ணு. ஆனா எங்க பிடிச்சுத் தூக்கறதுன்னு தெரியல. நீங்க பேசறதை அப்படியே எழுதினோம். அது சபைக் குறிப்பு மாதிரிதான் இருந்துச்சு. உங்ககிட்ட ஒரு கைப்பிடி கிடைக்கல.

— கைப்பிடி.

— கோவிச்சுக்காதீங்க.

— நான் எதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டும்? என் பதில் இதுதான்: சம்மதம் இல்லை. இயக்குனரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

— டோர்ஃபி.

— மன்னிக்க வேண்டும், அண்ணி.

— நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போட வேண்டாம். டோர்ஃபி சம்மதிச்சாலும் பிரயோஜனம் இல்ல. ஹால்பேரா, எனக்கு வரல.

— என்ன வரல?

— அவர். கொஞ்சம் முன்னாடி பாலத்துக் கதையில நீங்களே பாத்தீங்க. அடக்கத்துக்கு அப்புறம் அந்தக் குரல் என்கிட்ட இல்ல. வேஷம் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். எங்க அப்பா நிக்கற மாதிரி இருக்கு. இருபது வருஷம் அவர் உயிரோட எங்கயோ உக்காந்து பாத்துட்டு இருக்கார்ங்கிற தைரியத்துலதான் பண்ணியிருக்கேன் போல.

— எந்திரி. இங்க நின்னு, ஒரு தடவை செஞ்சு காட்டு.

— வேணாம் ஹால்பேரா.

— எனக்காக.

— சரி. ம்க்கும். ‘அன்பான நாட்டு மக்களே, சாலைங்கிறது ஒரு...’

— யார் இது? தபால்காரரா?

— டோர்ஃபி, சும்மா இரு. பாவம், அவன் முயற்சி பண்றான்.

— இல்லை அண்ணி, இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. ‘சாலை’ என்று அவன் இவ்வளவு சீக்கிரம் சொல்லவே மாட்டான். முதலில் சட்டைப்பையைத் தடவுவான், கண்ணாடியைத் தேடுவான். அது நெற்றி மேலேயே இருக்கும். அப்புறம் எதிரில் இருப்பவனைப் பார்த்து, இவனுக்குக் கடன் ஏதும் தரணுமோ என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதன் பிறகுதான் வாயைத் திறப்பான்.

— எப்படி?

— இப்படி. ‘ம்க்கும். அன்பான... யாருப்பா அது, லைட்டைக் கண்ணுல அடிக்கறது? நாட்டு மக்களே. நான் இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு. எடம் சுத்தமா இருக்கு. காத்து இல்ல. சொர்க்க வாசல்ல சாவியோட நிக்கறவர் மட்டும் எதிர்க்கட்சி.’

— ஹால்பேரா, உங்க கோப்பை சாயுது.

— சாஞ்சா சாயட்டும். நிறுத்தாதே டோர்ஃபி.

— ‘வர்ற வழி முழுக்கக் குண்டும் குழியும். யார் இந்தத் துறைக்கு மந்திரின்னு கேட்டேன். நீங்கதான்னுட்டாங்க. என் தம்பி டோர்ஃபி பேப்பர்ல எழுதினதையும் படிச்சுக் காட்டினாங்க. தம்பி, நீ எனக்கு இரங்கல் சொல்லி முடிக்கற நேரத்துல நான் ரெண்டு தடவை செத்திருப்பேன்டா. அப்புறம், அந்தப் பாறை மேல போய் நிக்காதே. சின்னதுலேர்ந்தே உனக்கு ஈரக் காத்து ஆகாது. அம்மா உன் நெஞ்சுல கம்பளியைச் சுத்திவிட்டு என்னைக் காவலுக்கு வச்சிட்டுப் போவாங்க. நான் பிடிச்சு இழுப்பேன். நீ பம்பரம் மாதிரி சுத்துவே. அன்னிக்கு அடிச்ச மயக்கத்துலதான் நீ அரசியலுக்கு வந்தேன்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம்.’

— டோர்ஃபி...

— ‘ஹால்பேராகிட்ட ஒண்ணை மட்டும் சொல்லிடாதே. அவ போடற காபி தண்ணி. நாப்பது வருஷம் நான் வாயைத் திறக்கல. அதுதான் என் பொதுவாழ்வுலயே பெரிய சாதனை. நீயும் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொல்லு.’

— தண்ணியா? என் காபியா?

— அண்ணி, ஐயையோ, நான் சொல்லல. என்னையறியாம வந்துடுச்சு. அவன்தான்...

— தெரியும். அவர்தான் சொன்னார்.

— டோர்ஃபி, நீங்க அண்ணன் குரலை விட்டுட்டு உங்க குரலுக்குத் திரும்பினீங்களே இப்ப, அந்த ‘ஐயையோ’. முப்பது வருஷத்துல உங்ககிட்டேர்ந்து இப்படி ஒரு வார்த்தை நாங்க கேட்டதே இல்ல.

— நண்பரே, தயவு செய்து இது இந்தச் சமையலறையை விட்டு வெளியே போக வேண்டாம்.

— உங்களுக்கும் ஒரு கைப்பிடி இருக்கு போல.

— அண்ணி, நீங்கள் அழுகிறீர்களா, சிரிக்கிறீர்களா? எதுவானாலும் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

— நீ உக்காரு முதல்ல. ஆர்மான், உங்க இயக்குனருக்கு இப்பவே போன் போடு. இந்த வருஷம் இந்த்ரிதியா டோர்ஃபி வருவான். டோர்ஃபியா நீ வா.