குதிகால் சத்தம்

சாயங்காலம் ஐந்தே காலுக்கு என் தலைமுடி அபூர்வமாகப் படிந்திருந்தது. அதனால்தான் அன்றைக்கு நடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது அக்கா. மேடம் வேண்டாம், அக்கா என்றே கூப்பிடு என்றீர்கள். ஒரு போலீஸை அக்கா என்று கூப்பிட்டேன் என்று கொசுவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கொசு என் சிநேகிதி. குள்ளம். ஓயாமல் காதருகே பேசுவாள். அவளுக்கு நான் ஏணி. ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டேன். உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூனிக்கொண்டு நடந்தபோது அவள்தான் கேட்டாள்: "ஏண்டி கூனுறே? மேல காத்து நல்லா வருமே."

மறுநாளே நடன வகுப்புக்கு இழுத்துப் போனாள். முதல் பாட்டிலேயே என் கைகள் சரியான நீளம்தான் என்று தெரிந்துபோயிற்று. வீடு வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் ஒருவர் குடையைச் சுருக்கி வழிவிட்டார்.

எங்கள் ஆட்டத்தின் உச்சம் ஒரு விழுதல். கொசு மேஜைமேல் ஏறி, எனக்கு முதுகு காட்டி, அப்படியே மல்லாக்க விழுவாள். நான் பிடிப்பேன். திரும்பிப் பார்த்தால் அழகு கெட்டுவிடும் என்பார் டீச்சர். அதனால் நான் தயாரானதும் குதிகாலால் தட்டுவேன். சத்தம் கேட்டதும் விழுவாள். பிடித்த பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்காது.

"இது சிரிக்கிற இடமாடி?" என்பார் டீச்சர்.

"இவ கை கூசுது டீச்சர்" என்பாள் கொசு.

வெளியூர் நடனக் குழு ஒன்று வந்து பார்த்துவிட்டு, கொசுவை மட்டும் சேர்த்துக்கொண்டது. எனக்குப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். சந்தோஷத்தில் முதலில் கத்தியவளே நான்தான். தெருவில் அவளைத் தூக்கிச் சுற்றினேன். என் தோளில் தொங்கியபடியே சொன்னாள்: "லீவுக்கு வந்துருடி. பெட்டியில உன்னை மடிச்சு வைக்க முடியாது."

சிரித்தேன். பிறகு யோசித்தேன். அவளுக்குத் தன் பின்னலைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாது. விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கணுக்கால் லேசாகச் சுளுக்கினால் போதும், அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று பட்டது. மல்லாக்க விழுகிறவளுக்குக் கணுக்கால் எப்படிச் சுளுக்கும் என்று கேட்பீர்கள். நானும் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன்.

அன்று போல நாங்கள் ஆடியதே இல்லை. டீச்சர் பாட்டின் சத்தத்தைக் கூட்டத் திரும்பினார். குதிகாலால் தட்டினேன். ஒரு எட்டு நகர்ந்து நின்றேன்.

இனி அவளால் நடக்க முடியாது என்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்க வேண்டும் நீங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவிடுவேன். பின்னல் போட்டுவிடுவேன். அவள் பாதங்களைக் கையில் பிடித்துப் பாட்டுக்குத் தகுந்தபடி ஆட்டுவேன். நர்ஸ்கூட நின்று சிரித்துவிட்டுப் போவார். "நீ இல்லேன்னா இவ என்னம்மா பண்ணுவா" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நான் இங்கே வந்தது டீச்சருக்காக. தரை வழுக்கிவிட்டது என்று பழியை அவர்மேல் போட்டு நடன ஹாலைப் பூட்டிவிட்டார்கள். தரை நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பிடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் பிடிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஹாலை மட்டும் திறந்துவிடுங்கள் அக்கா. பலகைத் தரையில் சக்கர நாற்காலி அருமையாக ஓடும். தலைசுற்றும்வரை அவளைச் சுற்றிச் சுற்றித் தள்ளுவேன்.

நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள்.

"காலையில அவளைப் பாத்துட்டுத்தான் வரேன். எதிர்ச் சுவர்ல கண்ணாடி இருக்குல்ல, நீ நகர்ந்ததை அதுல பாத்திருக்கா. சும்மா விளையாடுறே, கடைசியில எப்படியும் நீ பிடிச்சிருவேன்னு நம்பி விழுந்திருக்கா. தரை வழுக்குச்சுன்னு முதல்ல சொன்னதே அவதான். ஏணிக்குக் கால் வழுக்கிடுச்சு, அதான் வந்து பிடிக்க முடியலேன்னு இப்பவும் சொல்லிட்டிருக்கா. நான் அவகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"