கிட்டு போட்ட கோடு

என் கையெழுத்து மோசம், சார். ஆனால் கோடு நேராகப் போடுவேன். ஜெயகிருஷ்ணன் என்று பேர், டீமில் எல்லாருக்கும் கிட்டு. கல்லூரிகளுக்கான ரேஸ் கார் போட்டிக்கு நாங்களே வெல்டு அடித்துக் கட்டிய வண்டி அது. ஒவ்வொரு நட்டையும் முறுக்கியதும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கிட்டு கோடு போட்டுவிட்டால் வேறு யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

நான் பயந்த சுபாவம். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பின்னால் லாரி வந்து நின்றால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, அது போன பிறகுதான் கிளம்புவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் முதலில் டிரைவராகப் போட்டார்கள். டீமிலேயே நான்தான் ஒல்லி.

போட்டியில் ஒரு விதி. பெல்ட் எல்லாம் மாட்டி உட்கார்ந்திருக்கும் டிரைவர் ஐந்து நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தீப்பிடித்தால் தப்பிப்பதற்கு. ஒத்திகையில் எங்கள் பொறுப்பாசிரியர் வேதசிரோமணி சார் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். என் கை பெல்ட் பக்கிளுக்கே போகவில்லை. இருபதில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். இரண்டு பேர் என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள். பேன்ட் நனைந்திருந்தது.

அடுத்து உட்கார்ந்த எங்கள் டீம் பையன் ஸ்டெபின் நான்கு நொடியில் வெளியே வந்தான். டிரைவர் சீட் அவனுக்குப் போனது. மற்றவர்கள் எனக்கு 'இருபது' என்று பேர் வைத்தார்கள். அவன் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்குத் தன் சட்டையைக் கழற்றி என் இடுப்பில் கட்டிவிட்டதும் அவன்தான். அவனை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் ஒரே ஒரு தடவை பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். குனிந்துகூடப் பார்க்காமல், கோடு போட்டாச்சா மச்சான் என்று கேட்டுவிட்டு ஏறிவிடுவான். அது ஆபத்து. பயம் இருப்பவன்தான் பத்திரமாக இருப்பான், சார்.

சோதனை ஓட்டத்தன்று காலையில் ஸ்டீயரிங் தண்டின் நட்டைத் தளர்த்தினேன். பழைய கோட்டைத் தின்னரால் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன். அவன் வழக்கம்போலக் கேட்டான். போட்டாச்சு என்றேன். அது பொய் இல்லையே.

கல்லூரியின் பின்பக்க ரோட்டில் முதல் சுற்று மெதுவாகத்தான் போனான். நான் தீயணைப்பானோடு வளைவில் தனியாக நின்றேன். மற்றவர்கள் ஸ்டாப்வாட்சோடு அந்தக் கோடியில். பயந்து நிறுத்துவான், ஓடிப்போய் முறுக்கிவிடலாம் என்று ஸ்பேனரைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்ததில் இதோடு நிறுத்திவிட்டேன்.

அவன் நிறுத்தினான், சார். என் பக்கத்தில் வந்துதான் நிறுத்தினான். ஹெல்மெட்டுக்குள் கண் இரண்டும் அகலமாக இருந்தன.

"ஸ்டீயரிங் ஆடுற மாதிரி இருக்கு, கிட்டு. பயமா இருக்குடா. கொஞ்சம் பாரேன்."

குனிந்தேன். கோடு உடைந்திருந்தது. விரலால் தொட்டாலே நட்டு சுற்றியது. ஸ்பேனர் பாக்கெட்டிலேயே இருந்தது, எடுக்கவில்லை. கோட்டைத் துடைத்தேன். மறுபடி போட்டேன்.

"சரியாத்தான் இருக்கு. நல்லா மிதிச்சுப் போ."

"நீ பாத்துட்டல்ல, போதும்" என்றான்.

அடுத்த வளைவில் வண்டி திரும்பவில்லை, நேராகத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதியது. தீப்பிடிக்கவில்லை. வண்டிக்குள் அவன் கை பக்கிளைத் தேடுவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். இருபது வந்த பிறகுதான் ஓடினேன்.